பூஜைக்கு வைத்த கையேடு

கேரள எல்லையிலுள்ள எருத்தேன்பதியில் அம்மன் சிலைக்கு அடுத்தபடியாக யாரும் தொடத் துணியாத பொருள் ஒன்று உண்டென்றால், அது எல்லையோர எண்மத் திறன் நிலையம் என்னும் அரசுக் கணினிப் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் இருந்த கையேடுதான். அதன் அட்டையில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. மேலே சாத்திய செவ்வந்தி மாலை காய்ந்து சருகாகி, நார் மட்டும் மிஞ்சியிருந்தது. அலமாரிக்குப் பூட்டு. பூட்டுக்கும் ஒரு பொட்டு.

நிலையம் முன்பு உரக் கிடங்காக இருந்தது. மழைக்காலத்தில் இன்றும் யூரியா வாடை வரும். எல்லையில் தமிழ் பேசுகிற குடியானவர்களும் கணினி நிரல் எழுதக் கற்று முன்னேற வேண்டும் என்று தலைநகரில் யாரோ ஒருவருக்குத் தோன்றியது. தமிழிலேயே கட்டளை கொடுத்தால் கணினி வேலை செய்கிற கருவி ஒன்றை வாங்கி அனுப்பினார்கள். அதற்கு 'ஏவல்' என்று பெயர். அதன் கையேடுதான் அலமாரியில் இருந்தது.

ஏவலைக் கற்பிக்கிற வேலை யோகப்பிரியாவுக்குக் கிடைத்தது. வீட்டில் சொன்னபோது அவள் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏவலா? ஏனம்மிணி, ஊருல வேற வேலையே இல்லியா? நாலு குடிக்கு ஏவல் வெக்கிறதா பொழப்பு?"

"கம்ப்யூட்டருக்கு வெக்கிறதும்மா."

"எதுக்கு வெச்சாலும் சரி. அது வெச்சவிய மேலதான் திலும்பும்."

ஆனாலும் அம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். கோயமுத்தூரில் எம்.சி.ஏ. படித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்ணைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கா அத்தன படிப்பு?" என்று கேட்ட பங்காளிகள், இப்போது "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஒரு சொல் யோகப்பிரியாவுக்குத் தாலிக்கொடியைவிடப் பெரிய நகையாக இருந்தது. அது கழுத்தைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: 'பயிற்றுநர் வகுப்பில் தெரியாது என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது. பின்னர் விளக்கப்படும் எனலாம்.' இன்னொன்று, கற்க வருகிறவர்களைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ அழைக்காமல் 'பயனாளி' என்றே அழைக்க வேண்டும்.

கையேடு பூஜையில் அமர்ந்த வரலாறு இது. கேரளத்தில் நவராத்திரி அஷ்டமியன்று புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிறவரை ஓர் எழுத்துக்கூடப் படிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிட இனிய பண்டிகை கிடையாது. அப்போதிருந்த பொறுப்பு அதிகாரி பக்திமான். கையேடு வந்திறங்கிய பெட்டியைப் பிரித்த கையோடு அதைப் பூஜைக்கு வைத்துவிட்டார். விஜயதசமிக்கு முந்திய நாள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. 'கையேடு, ஒன்று, பூஜையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அடுத்து வந்தவர் யாக்கோபு சார். இடுக்கி மலைக்காரர், நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் தவறாதவர். யோகப்பிரியா சாவி கேட்டபோது அவர் உண்மையிலேயே வருந்தினார்.

"எந்தா செய்யா, யோகப்பிரியா? வெச்ச ஆள் அல்லே எடுக்கணும்? ஞான் கிறிஸ்தியானி. ஹிந்து வெச்ச பூஜையை ஞான் எடுத்தால் நாளைக்கு டிவியிலே வரும்."

"அப்ப நான் எடுக்கறனுங்க சார். குளிச்சு, விரதமிருந்துட்டே வர்றேன்."

"நீ காண்ட்ராக்ட் அல்லே? பூஜை எடுக்கறதெல்லாம் பெர்மனென்ட் ஸ்டாஃப்."

அவர் விளக்கம் கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினார். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது: 'இது மதச்சார்பற்ற நிறுவனம். இங்கே பூஜைகள் நடப்பதில்லை. எனவே மேற்படி கையேடு பூஜையில் இல்லை. பூஜையில் இல்லாத நூலைப் பூஜையிலிருந்து எடுக்க அனுமதி கோருவது பொருந்தாது.' யாக்கோபு சார் அதை இரண்டு தரம் படித்து, "கிளியர் ஆயிட்டு" என்று மடித்து வைத்துக்கொண்டார். அலமாரி பூட்டியபடியே இருந்தது.

ஆக, கையேடு இல்லாமல் யோகப்பிரியா ஏவலைக் கற்றாள். கற்றுக்கொண்டே கற்பித்தாள். கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவதுபோல, தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். 'எழுது' மாட்டியது. 'அனுப்பு' மாட்டியது. 'திரும்ப' மாட்டியது. மாட்டாதபோதெல்லாம் திரை சிவப்பில் ஒரே வரியைக் காட்டும்: 'பிழை. கையேடு காண்க.'

பயனாளிகள் குடியானவர்கள், சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். திரையில் அந்த வரி வந்ததும் எல்லோரும் நாற்காலியோடு திரும்பி அலமாரியைக் கண்டார்கள். முன்வரிசையில் உட்காரும் சுப்பாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "கண்டாச்சுங்க டீச்சர், இன்னும் செவப்பாத்தான் நிக்குது" என்பார். யாக்கோபு சார் மாத அறிக்கையில் 'பயனாளிகள் கையேட்டை நாள்தோறும் பார்வையிடுகின்றனர்' என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒருநாள் யோகப்பிரியாவின் கரண்டியில் 'மதி' மாட்டியது. மலையாளத்தில் மதி என்றால், நிறைந்துவிட்டது, நிறுத்திக்கொள் என்று பொருள். அந்தப் பக்கத்துத் தமிழர்களும் டீக்கடையில் சர்க்கரை போடுகிறவரிடமும், பந்தியில் சோறு போடுகிறவரிடமும் கையைக் குறுக்கே நீட்டி "மதி, மதி" என்றுதான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து காதில் ஊறிய சொல். 'எழுது வணக்கம்' என்று அடித்துக் கீழே 'மதி' என்று போட்டாள். கணினி ஒரே ஒரு வணக்கம் எழுதி நின்றது. வணக்கம் எழுது, மதி. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. நிறுத்துகிற கட்டளையைக் கண்டுபிடித்துவிட்டாள்! மறுநாளே கரும்பலகையில் எழுதிப் போட்டாள்: 'மதி என்றால் நிற்கும்.'

சென்னியப்பன் அதைக் வாய்ப்பாடு போல முணுமுணுத்துப் பாடம் பண்ணினார். தென்னந்தோப்பும் இரண்டு கறவை மாடும் உள்ளவர், அறுபதை நெருங்குகிறவர். கால்வாய்ப் பாசனக்காரர்கள் அவரைத்தான் செயலாளராக வைத்திருந்தார்கள். தண்ணீர் திறக்கிற சேதியை வீடு வீடாகப் போய்ச் சொல்லி முழங்கால் தேய்ந்துவிட்டது, கணினியில் ஒரு தட்டுத் தட்டி எல்லோருக்கும் சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் வகுப்புக்கு வந்தார். அவர் ஒருநாள் 'எழுது வணக்கம், திரும்ப, மதி' என்று அடித்தார். திரை வணக்கங்களால் நிரம்பி வழிந்தது. அவர் மறுபடி மதி போட்டார். வணக்கம் இருமடங்கு வேகத்தில் வந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா," என்று அவர் எழுந்து நின்று கேட்டார். "மதி போட்டும் நிக்க மாட்டீங்குதே, அப்ப என்னங்க பண்றது?"

யோகப்பிரியா பார்த்தாள். தான் கண்டுபிடித்தது தப்பு என்று அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வகுப்பு முழுவதும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாக்கோபு சார் வாசலில் நின்றிருந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். அவள் போய்க் கணினியை அணைத்தாள்.

"பயனாளி, கீபோர்டுல உங்க விரல் ரெண்டு கட்டைய ஒண்ணா அமுக்குது. ஒழுங்கா அடிச்சா ஒழுங்கா நிக்கும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "தேங்கா உரிக்கிற வெரலுங்க டீச்சர், அது என்ன பண்ணும்?" என்றது ஒரு குரல். சென்னியப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை யோகப்பிரியா மாரியம்மன் கோயிலைக் கடக்கும்போது கும்பிடவில்லை. கோபமொன்றும் இல்லை. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இரண்டு வாரத்தில் தலைநகரிலிருந்து இயக்குநர் சோனா மேடம் வந்தார். நிலையத்தின் வெற்றியை அறிவிக்கும் விழா. வகுப்பறையின் முன்பகுதியே மேடை; வாசலில் பந்தல், பலூன், செண்டை மேளம் எல்லாம் இருந்தன. ஒரு குடியானவர் மேடையில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் ஒரே தட்டில் செய்தி அனுப்பிக் காட்டுவார். அதற்கு யாக்கோபு சார் தேர்ந்தெடுத்தது சென்னியப்பனை. "நல்ல கிராமிய லுக் உண்டு" என்றார்.

அனுப்ப வேண்டிய செய்தியைத் தலைமையகத்துக் குழு ஒன்று கூடி முடிவு செய்து அனுப்பியிருந்தது. கால்வாயில் எப்போது தண்ணீர் வரும் என்று அனுப்பலாமே என்று சென்னியப்பன் கேட்டதற்கு, அது வேறு இலாகா என்றார்கள். குழு எழுதிய செய்தி இது: 'நான் சென்னியப்பன். நான் நிரல் கற்றுவிட்டேன். நான் இப்போது புதிய மனிதன்.' அழுத்தம் கருதி இருமுறை செல்ல வேண்டும் என்றும் குறிப்பு இருந்தது. இருமுறைக்கு என்ன கட்டளை என்று யோகப்பிரியாவுக்குத் தெரியாது. 'அனுப்பு, திரும்ப, மதி' என்று எழுதிக் கொடுத்தாள். அனுப்பு, திரும்பவும் அனுப்பு, அத்தோடு நில். இந்த ஒருதரம் நின்றுவிடு தாயே என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதலுக்கும் ஒரு முகம் வேண்டுமே என்று தோன்றியபோது பாதியில் விட்டுவிட்டாள்.

சோனா மேடம் மலையாளத்தில் அருமையாகப் பேசினார். "மற்ற நிலையங்களுக்கும் போனேன். அங்கெல்லாம் கையேடு கிழிந்து, அழுக்காகி, மடிந்து கிடக்கிறது. எனக்குக் கண்ணீர் வந்தது. இங்கே பாருங்கள், வந்த நாள்போலவே இருக்கிறது. மக்களின் வரிப்பணத்தைப் பாதுகாப்பது என்றால் இதுதான். அறிவு என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதை அங்கேயே பத்திரமாக வைத்திருப்பது நம் கடமை." பலத்த கைதட்டல். யாக்கோபு சார் அலமாரியைக் கண்ணால் தடவிக் கொடுத்தார்.

சென்னியப்பன் வெளுத்த சட்டையில் கணினி முன்னால் உட்கார்ந்தார். வலது ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மற்றவற்றை மடக்கிக்கொண்டு, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மூச்சு விட்டு அடித்தார். ஒரு கட்டைகூட இரண்டாய் அமுங்கவில்லை. கடைசியில் 'மதி' என்று அடித்துக் கையெடுத்தார்.

பந்தலில் இருந்த எல்லோருடைய கைப்பேசியும் கிணுங்கியது. கைதட்டினார்கள். மறுபடி கிணுங்கியது. அதற்கும் தட்டினார்கள். மூன்றாம் தரம் கிணுங்கியபோது தட்டல் குறைந்தது. பிறகு கிணுங்கலுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் போயிற்று. 'நான் இப்போது புதிய மனிதன். நான் இப்போது புதிய மனிதன்.' பால் சங்கத்தில், ரேஷன் கடையில், கள்ளுக்கடையில், ஊர் முழுக்க. பக்கத்து ஊர் வேலந்தாவளத்திலிருந்து சென்னியப்பனின் சம்மந்தி கூப்பிட்டார். கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. "ஏனுங்க சம்மந்தி, புது மனுசன் ஆயிட்டீங்க, சந்தோசமுங்க. அதுக்கு இத்தன தடவையா சொல்லோணும்? இங்க மாப்பள போன ஆஃப் பண்ணிட்டாருங்க."

பந்தல் சிரித்தது. சென்னியப்பனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

சோனா மேடம் எழுந்து, "மதி! மதி!" என்று கத்தினார்.

சென்னியப்பன் பணிவாக 'மதி' என்று அடித்தார். கிணுங்கல் இருமடங்காயிற்று.

"மதி என்னு மேடம் சொல்லியல்லே!" என்றார் யாக்கோபு சார்.

"போட்டுட்டேனுங்க சார்." இன்னொரு மதி. மும்மடங்கு.

"அய்யோ, மதி! மதி! மதி!"

ஒவ்வொரு மதிக்கும் அவர் ஒன்று போட்டார். மேலிடத்து உத்தரவு, ஒன்றைக்கூட விடவில்லை. யாக்கோபு சார் ஓடிப்போய் மின்செருகியைப் பிடுங்கினார். திரை இருண்டது, கிணுங்கல் நிற்கவில்லை. செய்தி போவது தலைமையகத்துக் கணினியிலிருந்தாம். தலைமையகத்தைக் கூப்பிட்டார்கள். விழாவை முன்னிட்டு அங்கே விடுமுறை.

சோனா மேடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வாயிலில் இரண்டு நிருபர்கள் இருந்தார்கள். "இதற்கு ஒரு காரணம் வேண்டும்" என்றார் தணிந்த குரலில்.

"பயனாளியின் கைப்பிழை," என்றார் யாக்கோபு சார். "எழுதிக் கொடுக்கட்டே?"

"எழுதுங்கள். தகுதியற்ற பயனாளி என்று பெயரை நீக்கியதாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

சென்னியப்பனுக்கு மலையாளம் நன்றாகப் புரியும். அவர் எழுந்து நின்றார். "என்ர வெரல்தானுங்க மேடம், சனியன், ரெண்டு கட்டைய ஒண்ணா அமுக்கிப்போடுது. டீச்சரம்மா அன்னிக்கே சொல்லுச்சுங்க. அது சரியாத்தான் சொல்லிக் குடுத்துச்சு. அதும் மேல ஒண்ணும் எழுதிராதீங்க." சொல்லிவிட்டு, சாட்சிக்காகப் போல வலக்கையை விரித்து எல்லோருக்கும் காட்டினார்.

காய்ப்புக் காய்த்த அந்தக் கையைப் பார்த்தபோது, யோகப்பிரியாவுக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. பூமி பிளக்கவில்லை. அந்த மாதிரி உதவிகளை அது எல்லோருக்கும் செய்வதில்லை.

"இல்லீங்க," என்றாள். கிணுங்கலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "இல்லீங்க. அவரு சரியாத்தான் அடிச்சாரு. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். எனக்குத் தெரியாது."

கிணுங்கல் மட்டும் கேட்டது.

"பின்னர் விளக்கப்படும் என்று சொல்லு," என்று யாக்கோபு சார் பல்லிடுக்கில் சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்க சார். இந்த நெலையத்துல யாருக்கும் தெரியாது. பொஸ்தகத்த யாரும் தொறக்கவே இல்ல. தப்புன்னு தெரிஞ்ச பின்னாடியும் அவரு விரலச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்." அவள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"ஞான் தர முடியாது," என்றார் யாக்கோபு சார் உரக்க. பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே பார்த்துத் திரும்பி, வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோது, "மழை வருமோ?" என்று யாரையோ கேட்டார்.

யோகப்பிரியா செருப்பைக் கழற்றினாள். பூட்டைத் திறந்து, காய்ந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்து, கையேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கலைமகளே, உன்னைப் பூட்டி வைத்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு என்று சொல்லிக்கொண்டே திறந்தாள். ஒட்டியிருந்த பக்கம் சடசடவென்று பிரிந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கம், முதல் பாடம்:

'மதி: மேலே எழுதிய கட்டளைகளை மதிப்பிட்டு நிறைவேற்றும். நிறுத்துவதற்கு: போதும்.'

போதும். அவ்வளவுதான். மதி போடப் போட அது நிற்காமல் புதிதாக ஓடத் தொடங்கியிருக்கிறது. எத்தனையோ சொற்களைப் போட்டுத் துழாவியவளுக்கு, வீட்டில் அம்மா நாள்தோறும் சொல்கிற அந்தச் சொல் ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை. தமிழ்க் கருவியிடம் தமிழில் போதும் என்று சொல்ல, தமிழர்கள் நிறைந்த வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மின்செருகியை மாட்டினார்கள். யோகப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்களே அடிங்க, பெரியப்பா."

சென்னியப்பன் தயங்கினார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, போ, து, ம் என்று வைத்தார். ஊர் அமைதியாயிற்று.

அன்றைக்கே அவளுக்கு உத்தரவு தட்டச்சாகிவிட்டது. அதில் இரண்டு குற்றங்கள். வகுப்பறை எல்லைக்குள் 'தெரியாது' என்று மும்முறை கூறியது ஒன்று. நிலையத்தில் நடைபெறாத பூஜையைக் கலைத்தது மற்றொன்று. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. கையேடு பொதுமக்கள் கைபட்டுவிட்டதால், பரிகாரமாக இரும்புப் பெட்டியில் வைக்க ஆணையாயிற்று. சென்னியப்பனின் பெயர் நீக்கப்படவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டதால் இன்னொருவர் தேவைப்படவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் சென்னியப்பன் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். யோகப்பிரியா சுற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடலாமா என்று நினைத்தாள். கால் அந்தப் பக்கம் போகவில்லை. வந்து அவர் முன்னால் நின்றாள்.

"பெரியப்பா, என்னத் திட்டுங்க."

"நா எதுக்கம்மிணி திட்டறது?"

"அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்க விரல்னு சொன்னேன்."

"அன்னிக்கு ஊட்டுக்குப் போயி மாட்டுக்கிட்ட உக்காந்தனுங்க. பால் கறக்க வரல. இத்தன வருசமா சொன்னபடி கேட்ட கை, இப்படி மக்காப் போச்சேன்னு. உங்க பெரியம்மாகிட்டக்கூடச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு நீங்க தெரியாதுன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நா மட்டுந்தான் மக்குன்னில்ல நெனச்சிருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் பலகையில் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள்.

பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார். "அண்ணா, வர்றீங்களா?"

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். அவள் இன்னும் முகத்தை எடுக்கவில்லை.

"நீ போ கண்ணு," என்றார். "நாங்க அடுத்த வண்டிக்கு வர்றோம்."

அன்று அதுதான் கடைசி வண்டி. அது அவருக்கும் தெரியும், கண்டக்டருக்கும் தெரியும். கண்டக்டர் விசிலை மெதுவாக ஊதினார்.